படமும் மறுப்பும்

புறநானூற்றுப் பாடல்களின் அடியில் பழைய குறிப்புகள் உண்டு. பாடியவர் இன்னார், பாடப்பட்டவன் இன்னான், இன்ன காரணம் பற்றிப் பாடினார் என்று அவை கூறும். அக்குறிப்பைப் படியாமல் பாட்டுக்குப் பொருள் சொல்லப் புகும் ஆசிரியர் நம்மிடையே இலர். பரிசில் பெற்றுப் பாடியதா, பரிசிலை வேண்டாவென்று விட்டுப் பாடியதா என்பதை அறிந்த பின்னரே பாட்டின் சுவை முழுதும் விளங்கும். தம்மை நேரிற் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். அம்மறுப்பே ஒரு பாட்டாயிற்று.

ஆனால், புகைப்படம் ஒன்றைக் காணும்போது நாம் அவ்வாறு கேட்பதில்லை. ஒளி நன்று, நிழல் நன்று, முகத்தில் உணர்ச்சி நன்று என்று கூறி அமைகிறோம். எடுக்கச் சொன்னவர் யார், கூலி கொடுத்தவர் யார், எடுக்கப்பட்டவர் மனமார இசைந்தாரா என்ற வினாக்கள் நம் நாவில் எழுவதில்லை. பாட்டுக்குக் கேட்கும் கேள்வியைப் படத்துக்கும் கேட்டுப் பார்ப்போம். அப்போது, புகைப்படக்காரர் எந்த வேலையை ஏற்கலாம், எதை மறுக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

மூன்றாமவர்

பரிசில் தந்து பாடச் செய்தவனும் பாடப்பட்டவனும் பெரும்பாலும் ஒருவனே. ஆதலின் அங்கே இருப்பவர் இருவர். புலவர் ஒருவர், புரவலர் ஒருவர். பிடிக்காவிட்டால் இருவரும் பேசித் தீர்த்துக் கொள்வர். புகைப்படத்திலோ பல வேளைகளில் மூவர் உளர். கூலி கொடுப்பவர் ஒருவர். காமிராவைப் பிடிப்பவர் ஒருவர். காமிராவின் முன் நிற்பவர் மற்றொருவர். முதல் இருவருக்கும் இடையே பேச்சு உண்டு, விலை உண்டு, ஒப்பந்தம் உண்டு. மூன்றாமவருக்கு அவற்றுள் ஒன்றும் இல்லை. ஆனால் முகம் அவருடையது. படத்தால் வரும் நன்மையும் தீமையும் அவரையே சாரும்.

ஒரு வேண்டுகோளை ஏற்பதா, மறுப்பதா என்று புகைப்படக்காரர் எண்ணும்போது, கூலி கொடுப்பவர் நல்லவரா கெட்டவரா என்றே முதலில் நினைக்கிறார். அது போதாது. காமிராவின் முன் நிற்பவர் ‘வேண்டா’ என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதே முதல் வினா. அவரால் சொல்ல முடியாதாயின், அவருக்காக அச்சொல்லைச் சொல்லும் கடமை படமெடுப்பவரைச் சேர்கிறது. இக்கருத்தை மூன்று படங்களைக் கொண்டும் ஒரு மறுப்பைக் கொண்டும் ஆராய்வோம்.

வெள்ளித் தகட்டில் ஏழு முகங்கள்

1850ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கொலம்பியா என்னும் நகரில் சில படங்கள் எடுக்கப்பட்டன. எடுக்கச் செய்தவர் லூயி அகாசி. சுவிட்சர்லாந்தில் பிறந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கியவர். மீன்களைப் பற்றியும் பனியாறுகளைப் பற்றியும் அவர் செய்த ஆராய்ச்சிகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் மக்களைப் பற்றி அவர் கொண்ட கொள்கை பெரும்பிழை. மாந்தர் அனைவரும் ஒரே தோற்றத்தினர் அல்லர், ஒவ்வோர் இனமும் தனித்தனியே படைக்கப்பட்டது என்று அவர் கூறினார். அதற்குச் சான்று வேண்டியே இப்படங்களை எடுக்கச் செய்தார். கிப்ஸ் என்னும் மருத்துவர் ஏற்பாடுகளைக் கவனித்தார். படமெடுத்தவர் ஜோசப் சீலி. அந்நகரில் படக்கூடம் வைத்துத் தொழில் நடத்தியவர்.

படமெடுக்கப்பட்டவர் எழுவர். ஆல்பிரட், டீலியா, டிரானா, பசீனா, ஜேக், ஜெம், ரெண்டி என்பன அவர்தம் பெயர்கள். எழுவரும் அடிமைகள். டீலியா ரெண்டியின் மகள்; டிரானா ஜேக்கின் மகள். சிலர் ஆடையின்றி முழு உருவமாக நிறுத்தப்பட்டனர். சிலர் இடுப்பளவு ஆடை களையப்பட்டு, நேர்முகமாகவும் பக்கவாட்டிலும் படமாக்கப்பட்டனர். தந்தை எடுக்கப்பட்ட முறையிலேயே மகளும் எடுக்கப்பட்டாள். இவ்வகைத் தகடுகள் 15 இன்று உள்ளன.

அக்காலத்துப் படம் தாளில் விழுவது அன்று. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை மெருகேற்றி, அதில் ஒளியை விழச் செய்து உருவத்தைப் பதிப்பர். படம் தெளிவாக விழ வேண்டுமானால், எதிரில் இருப்பவர் பல நொடிகள் அசையாமல் இருத்தல் வேண்டும். செல்வர் வீட்டார் தம் விருப்பால் அசையாதிருந்தனர். ரெண்டியும் டீலியாவும் எதனால் அசையாதிருந்தனர்? அவர்களை உடைமையாகக் கொண்டவர்களின் ஆணையால் இருந்தனர். படத்தின் தெளிவே அவர்தம் அடிமைத்தனத்துக்குச் சான்றாக நிற்கிறது.

சீலியின் கைத்திறனில் குறை காண இயலாது. ரெண்டியின் நரைத்த தாடி, தோள் எலும்பின் மேடு பள்ளம், கண்ணின் ஒளி யாவும் நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அழியாமல் நிற்கின்றன. அகாசி தேடியது ஓர் இனத்தின் மாதிரி. தகட்டில் விழுந்ததோ ஒரு மனிதரின் முகம். அவர் நேரே நம்மைப் பார்க்கிறார். இவ்வகைத் தகட்டுக்குரிய ஓர் இயல்பு உண்டு. அது கண்ணாடி போன்றது. சற்றே சாய்த்துப் பிடித்தால், உருவம் மறைந்து, பார்ப்பவருடைய முகமே அதில் தெரியும். இப்படத்தைக் காண்பார்க்கு இதனினும் கடுமையான கேள்வி வேறொன்றும் வேண்டுவதில்லை.

படம் எடுக்கப்பட்ட பின் எழுவரையும் உலகம் மறந்தது. 1976இல் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்து மேல்மாடத்தில் தகடுகள் கண்டெடுக்கப்பட்டன. கேரி மே வீம்ஸ் என்னும் கலைஞர், 1995, 1996ஆம் ஆண்டுகளில், இவற்றுட் சிலவற்றைப் பெரிதாக்கி, செந்நிறம் ஊட்டி, கண்ணாடிமேல் சொற்களைப் பொறித்துத் தம் படைப்பில் சேர்த்தார். 2019இல் தமாரா லானியர் என்னும் பெண்மணி, ரெண்டியின் வழித்தோன்றல் தாம் என்று கூறி, அப்படங்களைத் தமக்குத் தர வேண்டுமென்று வழக்குத் தொடுத்தார். 2022இல் மாசசூசெட்சு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பல்கலைக்கழகம் அவரை நடத்திய முறையால் விளைந்த மனத்துன்பத்துக்காக வழக்கு நடத்தலாம். ஆனால் படத்தின்மேல் அவருக்கு உடைமையுரிமை இல்லை என்பது தீர்ப்பு. 2025இல் இரு தரப்பாரும் உடன்பட்டனர். தகடுகள் தென் கரோலினாவிலுள்ள சார்ல்சுடன் நகரின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்குச் செல்வதென முடிவாயிற்று.

இத்தீர்ப்பு நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. முகத்துக்கு உரியவர் என்பதற்காகப் படத்துக்கு உரியவராகச் சட்டம் ஒருவரைக் கொள்வதில்லை. சட்டம் மூன்றாமவரை நோக்காத இடத்தில் அவரை நோக்கக் கூடியவர் ஒருவரே. அவர்தாம் தகட்டைக் கையில் ஏந்தி நின்ற சீலி. அன்று ஒரு சொல் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. தம் தொழில் அது, கேட்டவர் பெரிய பேராசிரியர், உடன் வந்தவர் மருத்துவர் என்று அவர் எண்ணியிருக்கலாம். அறிவுடையோர் கேட்பது எதுவும் நன்றாகவே இருக்கும் என்னும் மயக்கம் இன்றும் நம்மை விட்டு நீங்கவில்லை.

கட்டளையும் கண்களும்

இரண்டாவது படத்தொகுதி அல்ஜீரியா நாட்டில் எடுக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அந்நாட்டு மக்கள் 1954 முதல் 1962 வரை போராடினர். போராளிகளுக்கு ஊரார் உதவாதிருக்கப் படையினர் ஓர் உபாயம் செய்தனர். மலையூர்களை வெறுமையாக்கி, மக்களைக் காவலுக்குட்பட்ட குடியிருப்புகளில் அடைத்தனர். அங்குள்ள ஒவ்வொருவருக்கும் அடையாளச் சீட்டு வேண்டுமெனப்பட்டது. சீட்டுக்குப் படம் வேண்டும். 1960இல் அவ்வேலையைச் செய்யுமாறு பணிக்கப்பட்டவர் மார்க் கராஞ்சே. கட்டாயப் படைப்பணிக்கு அழைக்கப்பட்ட 25 அகவை இளைஞர், போரில் விருப்பமில்லாதவர்.

பத்து நாள்களில் ஏறத்தாழ 2000 பேரைப் படமெடுத்தார். நாளொன்றுக்கு 200 பேர். அவர்களுள் பெரும்பாலார் பெண்கள். அயலான் முன் முகம் காட்டி அறியாத அப்பெண்கள் முக்காட்டை நீக்குமாறு பணிக்கப்பட்டனர். வெள்ளைச் சுவரின் முன் அமர்த்தப்பட்டனர். ஒருவர் எழுந்ததும் அடுத்தவர் அமர்ந்தார்.

இங்கே மறுப்பு எளிதன்று. படைவீரன் கட்டளையை மறுத்தால் தண்டனை உண்டு. அவன் மறுத்தாலும் வேறொருவன் எடுப்பான். கராஞ்சே மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்த ஒன்று கருதற்பாலது. சீட்டுக்கு முகம் மட்டுமே போதும். அவரோ இடுப்பளவு உருவம் விழுமாறு, ஓவியத்தில் பெருமக்களை வரைவது போல எடுத்தார். ஆடையும் அணிகலனும் மடிமேல் வைத்த கைகளும் படத்தில் இடம் பெற்றன. படையினர் வேண்டியது சீட்டில் ஒட்டும் முகம். கிடைத்ததோ ஒவ்வொரு பெண்ணின் முழுமையான எதிர்ப்பு.

அப்பெண்களின் கண்களைக் கண்டவர் மறவார். கிழவியர் சிலர் சுட்டெரிப்பவர் போல நோக்குகின்றனர். இளம்பெண்கள் சிலர் உதட்டை இறுக மூடியிருக்கின்றனர். வாய் திறந்து மறுக்க இயலாதவர்கள் கண்ணால் மறுக்கின்றனர். கராஞ்சே அதை உணர்ந்தார். அப்பார்வையை மிக அருகிலிருந்து தாம் ஏற்றதாகப் பின்னர் அவரே கூறியுள்ளார். 1961இல் சுவிட்சர்லாந்து சென்று, அங்குள்ள இதழ் ஒன்றில் சில படங்களை வெளியிடச் செய்தார். 1982இல் அவை நூலாயின. 2004இல் மீண்டும் அல்ஜீரியா சென்று, அப்பெண்களுள் சிலரைத் தேடிக் கண்டு, படங்களைக் காட்டினார்.

இவரைப் பழிப்பதா, போற்றுவதா? இரண்டும் முழுமையாக இயலா. எடுத்த செயல் அப்பெண்களுக்கு இழைத்த தீங்கு. அத்தீங்கில் அவர் கை உண்டு. எடுத்த முறையும் பின்னர்ச் செய்த தொண்டும் அத்தீங்குக்குச் சான்றாயின. மறுக்க இயலாத இடத்தில் அகப்பட்டவன், குறைந்த அளவு உண்மையையேனும் மறைக்காதிருக்க வேண்டும் என்பதற்கு இவர் எடுத்துக்காட்டு. சீலிக்கு இருந்த உரிமை இவருக்கு இல்லை. கராஞ்சேக்கு இருந்த மனவருத்தம் சீலிக்கு இருந்ததாகத் தகடுகள் காட்டவில்லை.

மறுத்துப் பின் ஏற்றவர்

மூன்றாவது படம் முன்னிரண்டுக்கும் மாறானது. 1963இல் அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ இதழ், ஆர்னால்டு நியூமன் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரிடம் ஒரு வேலையைத் தந்தது. ஜெர்மனியில் எசன் நகரத்து ஆலை முதலாளி அல்பிரீட் குருப்பைப் படமெடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்குப் படைக்கலம் செய்து தந்த குடும்பம் அது. வதைமுகாம்களில் இருந்தவர்கள் உள்ளிட்ட பல்லாயிரவர் அவ்வாலைகளில் அடிமைகளாக உழைத்தனர். அதற்காக 1948இல் குருப்புக்கு 12 ஆண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் தீர்ப்பாயின. 1951இல் அவர் விடுதலை பெற்றார், சொத்தும் திரும்பியது. நியூமன் ஒரு யூதர். அம்மனிதரைப் பேயாகவே தாம் கருதுவதாகச் சொல்லி, வேலையை அவர் மறுத்தார். இதழாசிரியர்களோ, தாங்களும் அவ்வாறே கருதுவதாகக் கூறினர். நியூமன் இசைந்தார்.

ஆலைக்குள் உயரமான மேடை ஒன்று அமைக்கப்பட்டது. குருப் அதன்மேல் அமர்ந்தார். பின்னே நீண்ட ஆலைக்கூடம். இரு பக்கமும் தூண்கள். விளக்குகள் பக்கங்களிலிருந்து முகத்தைத் தாக்கின. முகத்தில் பச்சை நிறம் படர்ந்தது. சற்று முன்னால் சாயுமாறு நியூமன் கேட்டார். குருப் சாய்ந்து, விரல்களைக் கோத்து, மோவாயைத் தாங்கினார். அக்கணத்தில் அவர் முகம் கொடிய தோற்றம் கொண்டது. படத்தைக் கண்ட குருப் சினந்தார் என்பர்.

இது முறையா? நம்பி அமர்ந்தவரை அவர் அறியாமல் பேயாகக் காட்டுவது தொழில் நேர்மை ஆகுமா? இவ்வினாவைத் தள்ளிவிட இயலாது. திருமண வீட்டில் ஒரு புகைப்படக்காரர் மணமகளை இவ்வாறு காட்டினால் நாம் பொறுக்கமாட்டோம். ஆனால் முன்னே சொன்ன அளவுகோலைக் கொண்டு பாருங்கள். குருப் ‘வேண்டா’ என்று சொல்லக் கூடியவர். மேடையிலிருந்து எழுந்து போகக் கூடியவர். வழக்கறிஞர்கள் உடையவர், ஆலை உடையவர், தம் கருத்தை உலகுக்குச் சொல்லப் பணம் உடையவர். காமிராவுக்கு முன்னும் பின்னும் வலிமை அவரிடமே இருந்தது. ரெண்டியிடம் ஓர் ஆடையும் இல்லை. இரண்டும் ஒன்றாகா.

எனினும் ஒன்று கூறுவேன். முதலில் மறுத்த நியூமனே நேர்மையில் உயர்ந்தவர். பின்னர் ஏற்ற நியூமன் கலையில் உயர்ந்தவர். தாம் என்ன எண்ணத்தோடு வருகிறோம் என்பதைக் கூலி கொடுத்தவரிடம் வெளிப்படச் சொன்னார், அமர்ந்தவரிடம் சொல்லவில்லை. அக்குறை படத்தில் உண்டு. அப்படத்தைப் போற்றும் நாம் அக்குறையையும் சேர்த்தே போற்றுகிறோம்.

மறுத்தவர் இருவர்

இனி, மறுப்பு ஒன்றைக் காண்போம். 1970இல் அமெரிக்காவின் போலராய்டு நிறுவனத்தில் கரோலின் ஹண்டர் என்னும் வேதியியல் அறிஞரும் கென் வில்லியம்ஸ் என்னும் புகைப்படக்காரரும் பணியாற்றினர். இருவரும் கறுப்பின மக்கள். எடுத்த உடனே படத்தைத் தரும் காமிராவுக்கு அந்நிறுவனம் பேர்போனது. ஒருநாள் தம் பணியிடத்தில் தென்னாப்பிரிக்க நாட்டு அடையாளச் சீட்டின் மாதிரி ஒன்றை இருவரும் கண்டனர். தங்கள் காமிரா அங்கே எதற்குப் பயன்படுகிறது என்று ஆராய்ந்தனர்.

அந்நாட்டில் அக்காலத்தில் நிறவெறி ஆட்சி நடந்தது. கறுப்பின மக்கள் ‘பாஸ்’ என்னும் அடையாளப் புத்தகத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும். இல்லையேல் சிறை. அப்புத்தகத்துக்குரிய படங்களை விரைந்து எடுக்கப் போலராய்டுக் காமிரா உதவியது. கராஞ்சே பத்து நாள்களில் செய்த வேலையை அங்கே ஒரு பொறி நாடோறும் செய்தது.

இருவரும் துண்டறிக்கை ஒட்டினர், கூட்டம் கூட்டினர், தென்னாப்பிரிக்காவுடன் வாணிகத்தை நிறுத்துமாறு நிறுவனத்தைக் கேட்டனர். வேலையை இழந்தனர். 1971இல் நிறுவனம் சில சீர்திருத்தங்களை அறிவித்தது. ஆட்சியாளர்க்கு நேரே விற்பதில்லை என்றது, வாணிகத்தை விடவில்லை. 1977இல், அங்குள்ள முகவர் மறைவாக ஆட்சியாளர்க்கு விற்று வந்தது வெளிப்பட்டது. அதன் பின்னரே போலராய்டு அந்நாட்டை விட்டு வெளியேறியது.

ஏழு ஆண்டுகள் ஆயின. இருவர் பிழைப்பு போயிற்று. ஆயினும் ‘நான் மறுத்தால் என்ன ஆகும், வேறொருவர் செய்வார்’ என்போர்க்கு இந்நிகழ்ச்சி ஒரு மறுமொழி. வேறொருவர் செய்வதற்கும் அஞ்சும் நிலையை முதலில் மறுப்பவரே உண்டாக்குகிறார்.

மறுப்புக்கு எதிரான வாதம்

‘சீலி மறுத்திருந்தால் ரெண்டியின் முகத்தை இன்று நாம் கண்டிருப்போமா?’ என்று கேட்பார் உளர். வலிய வாதந்தான். அப்படங்கள் இன்று அடிமை முறைக்கு எதிரான சான்றாக நிற்பது மெய். ஆனால் அச்சான்றை ஆக்கியவர்கள் ரெண்டியும் டீலியாவும். அவர்களை மறவாத வழித்தோன்றலும் வீம்ஸ் போன்ற கலைஞர்களும். தீவினையிலிருந்து பிற்காலத்தார் நன்மை பிரித்தெடுத்தனர் என்பதற்காகத் தீவினை நல்வினை ஆகிவிடாது. நூறாண்டு கழித்து ஒருவர் வந்து நம் செயலுக்கு நற்பொருள் காண்பார் என்று நம்பி இன்று ஒருவர் ஆடையைக் களையச் செய்தல் தகாது.

‘பிழைப்புக்கு வழி என்ன?’ என்று கேட்பாரும் உளர். இதுவும் எளிதில் தள்ளத்தக்க வாதம் அன்று. கடை வாடகையும் பிள்ளைகள் படிப்பும் காத்து நிற்கையில், வந்த வேலையை விடுவது கடினம். வள்ளுவர் வினைத்தூய்மை என ஓர் அதிகாரம் வகுத்து, வறுமையின் கொடுமையை அறிந்தே, அதைக் காரணமாகக் காட்டிப் பழிக்கத்தக்க செயலுக்கு இசைவதை விலக்கினார். நாம் வகுப்பில் பல முறை விளக்கிய அதிகாரமே அது.

இன்று எவையெல்லாம் மறுக்கத்தக்கவை? படத்தில் வருபவர் அறியாமல் அவரைப் படமெடுக்கக் கேட்பது ஒன்று. ஒருவர் முகத்தை வேறோர் உடலோடு பொருத்தித் தரக் கேட்பது ஒன்று. கணினி வந்தபின் இதற்குக் காமிராவே வேண்டுவதில்லை. அடையாளச் சீட்டுக்கும் பத்திரத்துக்கும் உரிய படத்தை மாற்றித் தரக் கேட்பது ஒன்று. பெற்றோர் இசைவில்லாமல் பிள்ளைகளை எடுக்கக் கேட்பது ஒன்று. இத்தகைய வேண்டுகோளோடு வருபவரிடம் சில குறிகள் தென்படும். காரணம் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்வார். வழக்கமான கூலியினும் மிகுதியாகத் தருவார். ரசீது வேண்டா என்பார். படியும் வைத்துக்கொள்ளாதீர் என்பார். படத்துக்கு உரியவரை மட்டும் அழைத்து வரமாட்டார். ‘அவரை ஒருமுறை வரச் சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பார்த்தாலே உண்மை பெரும்பாலும் வெளிப்படும். பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்று தோன்றினால் மறுப்பதோடு நில்லாமல் காவல் நிலையத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

மறுப்பு என்பது அழகற்றதையும் துயரத்தையும் காட்ட மறுப்பது அன்று. வெள்ளத்தையும் பசியையும் காட்டாத காமிரா, கண் மூடிய காமிரா. துயருற்றவர் தம் துயரைக் காட்ட விரும்பும்போது அவருக்குக் கருவியாக இருப்பது நல்ல தொழில். பிறர் நலத்துக்காக அவர் துயரைப் பறித்துக் கொடுப்பது வேறு தொழில்.

யான் செய்த பிழை

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது ஒரு பழைய நினைவு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் யான் இளம் ஆசிரியன். பள்ளிக் கூரை ஒழுகியது. நன்கொடை திரட்ட ஒரு துண்டறிக்கை அச்சிட எண்ணினோம். நெஞ்சைத் தொடும் படம் ஒன்று இருந்தால் பணம் சேரும் என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் வகுப்பில், பொத்தான் இல்லாத சட்டையோடு வரும் சிறுவன் ஒருவன் இருந்தான். பட்டணத்திலிருந்து ஸ்டூடியோக்காரர் ஒருவரை வரவழைத்து, அவனைத் தனியே நிறுத்தி எடுக்கச் சொன்னேன்.

அவர் பெரியவர். காமிராவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பையனைப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்து, “இவனோட அம்மா அப்பாகிட்ட கேட்டீங்களா வாத்தியாரையா?” என்றார்.

“நல்ல காரியத்துக்குத்தானே” என்றேன்.

“நல்ல காரியந்தான். ஆனா கூரை மாத்தின பிறகும் இந்தப் படம் இருக்குமே. நாளைக்கு அவன் கல்யாணத்துல யாராவது எடுத்துக் காட்டினா? நான் இத எடுக்கலே. வேற ஆள வச்சு எடுத்துக்குங்க.”

எனக்குச் சினம் வந்தது. படிப்பில்லாத மனிதர் ஆசிரியனுக்கு அறம் சொல்வதா என்று எண்ணினேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒழுகும் கூரையை எடுத்தார். கீழே வைத்திருந்த வாளிகளை எடுத்தார். பிள்ளைகளையெல்லாம் வரிசையாக நிறுத்தி ஒரு படம் எடுத்தார். அப்படத்தில் அச்சிறுவனின் சட்டை முன்னே நின்றவளின் தலைக்குப் பின்னே மறைந்திருந்தது. கூரைப் படத்துக்கு மட்டுமே கூலி வாங்கினார். பணம் சேர்ந்தது, யான் எண்ணியதைவிடச் சற்றுத் தாமதமாகச் சேர்ந்தது.

சென்ற ஆண்டு அச்சிறுவர் தம் மகள் திருமணத்துக்கு என்னை அழைத்தார். மணமேடையில் குடும்பத்தார் படம் எடுத்துக்கொள்ள நின்றபோது என்னையும் அருகில் நிறுத்தினார். காமிரா எங்களை நோக்கியது. அப்பெரியவர் அன்று கூறியது அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. அவர் மறுத்திராவிட்டால் அந்த மேடையில் யான் எம்முகத்தோடு நின்றிருப்பேன்?

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

புகைப்படக்காரரின் அறம் பற்றிப் பேசத் தொடங்கி, கூலி கொடுப்பவரின் அறத்தில் வந்து நிற்கிறோம். இது இயல்பே. அகாசியும் ஓர் ஆசிரியர்தாம். யானும் அன்று நல்ல நோக்கம் உடையவனாகவே இருந்தேன். நம் பள்ளிகளில் இன்று கைப்பேசி இல்லாத ஆசிரியர் இலர். பரிசளிப்பு, பொங்கல் விழா, உதவி வழங்குதல் என்று நாள்தோறும் பிள்ளைகளைப் படமெடுக்கிறோம். உதவி பெறும் பிள்ளையின் கையில் பையைக் கொடுத்து, வழங்குபவரை நோக்கிச் சிரிக்கச் சொல்கிறோம். நாமே எடுக்கச் சொல்பவர், நாமே எடுப்பவர். மறுக்க வேண்டிய ஸ்டூடியோக்காரரும் இடையில் இல்லை. அவர் செய்த வேலையையும் நாமே செய்தாக வேண்டும்.

அடுத்த முறை வகுப்பில் புறநானூற்றுப் பாட்டு ஒன்றை நடத்தும்போது, பாடியவர் யார், பாடப்பட்டவர் யார் என்று கேட்ட பின், பிள்ளைகளிடம் ஒரு புகைப்படத்தையும் காட்டுங்கள். எடுத்தவர் யார், எடுக்கச் சொன்னவர் யார், எடுக்கப்பட்டவர் ‘வேண்டா’ என்று சொல்ல முடிந்ததா என்று கேளுங்கள். அவர்கள் நன்றாகவே விடை சொல்வர்.